மசாய் மாராவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கென்யாவுக்கு இரண்டு முறை போய் வந்தவன் என்று தெரிந்ததும், தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஃபோன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பயண விவரம் மட்டும் வேண்டுபவர்கள் பிற்பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் ஆட்டுப்பட்டி பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

காட்டு ராஜா என்கிறோமே, அடர்ந்த காட்டுக்குள் போக வேண்டியிருக்குமா?

வேண்டாம். சிங்கம் புல்வெளி விலங்கு. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்தான். நடுநடுவே குடை விரித்தாற்போல் வேலமரங்கள், ஆற்றோரத்தில் மட்டும் அடர்த்தியான மரங்கள். முதல் நாள் காலை எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்தி, "அங்கே" என்று கை காட்டினார். புல்லைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு காது அசைந்தது. அதன் பின்பக்கத்தில் கறுப்புத் திட்டு. பிறகு இன்னொரு காது. இருபதடி தூரத்தில் ஏழு சிங்கங்கள் படுத்திருந்தன. புல்லின் நிறமும் அதன் உடம்பின் நிறமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது படத்தில் பார்த்தால் புரியாது.

ஆப்பிரிக்காவில் இன்னும் எத்தனை சிங்கங்கள் இருக்கின்றன?

காட்டில் வாழ்பவை 20,000 முதல் 25,000 வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஒரு காலத்தில் சிங்கம் திரிந்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது அதனிடம் இல்லை. தான்சானியாவில்தான் மிக அதிகம். கென்யாவில் 2021-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் கிடைத்த எண் 2,589. மேற்கு ஆப்பிரிக்காவில் நிலைமை மோசம். அங்கே மிஞ்சியிருப்பது சில நூறுதான்.

எல்லா இடத்திலும் குறைகிறதா என்றால், இல்லை. 1993 முதல் 2014 வரை கண்காணிக்கப்பட்ட கூட்டங்களில் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் எண்ணிக்கை சற்றுக் கூடியது. ஆப்பிரிக்காவின் மற்ற பகுதிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் சரிந்தது. ருவாண்டாவில் இனப்படுகொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிங்கமே இல்லாமல் போயிருந்தது. 2015-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்களைக் கொண்டுவந்து அககேரா தேசியப் பூங்காவில் விட்டார்கள். அவை இன்று பெருகியிருக்கின்றன. இடமும் இரையும் கொடுத்து, கொல்லாமலும் விட்டால் சிங்கம் வேகமாகவே பெருகும். சினைக்காலம் 110 நாள்தான். ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள்.

சிங்கம் எதனால் சாகிறது? வேட்டைக்காரர்களாலா?

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டிய நிலத்தில் சீசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கர் வேட்டையாடியது உலகம் முழுக்கச் செய்தியானதால், பலரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். பணம் கட்டி ஆடும் வேட்டை சில நாடுகளில் இன்றும் சட்டப்படி நடக்கிறது. கென்யா அதை 1977-லேயே தடை செய்துவிட்டது. தடை செய்த கென்யாவிலும் சிங்கம் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய காரணங்கள் வேறு: மேய்ச்சலும் விவசாயமும் பரவி நிலம் சுருங்குவது, இரை விலங்குகள் குறைவது, கம்பிக் கண்ணி, விஷம்.

கண்ணி மானுக்காக வைக்கப்படுவது. இறைச்சிக்காக யாரோ புதரில் கம்பியைச் சுருக்குப் போட்டு வைக்கிறார்கள், அதில் சிங்கத்தின் காலும் மாட்டிக்கொள்கிறது. உகாண்டாவின் ராணி எலிசபெத் பூங்காவில் ஜேக்கப் என்றொரு ஆண் சிங்கம். பொறியில் சிக்கி 2020-ல் பின்னங்கால் ஒன்றை இழந்தது. மூன்று கால்களோடு, 2024 பிப்ரவரியில் ஓர் இரவு, முதலையும் நீர்யானையும் நிறைந்த கசிங்கா கால்வாயை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீந்திக் கடந்தது. கூடவே அதன் சகோதரன் டிபு. அந்தப் பூங்காவில் பெண் சிங்கங்கள் குறைந்துவிட்டதால் துணை தேடியே இப்படி நீந்துகின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நோயும் உண்டு. 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவில் நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் வைரஸால் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, செத்துப்போயின. அதன் பிறகுதான் பூங்காவைச் சுற்றியுள்ள கிராம நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

அங்கே மாடு மேய்த்து வாழும் மசாய் மக்கள் சிங்கத்தைக் கொல்வது வீரத்துக்காகவா?

முன்பு அது ஒரு சடங்கு. மொரான் எனப்படும் இளம் வீரர்கள் ஈட்டியோடு போய்ச் சிங்கத்தைக் கொன்று வருவார்கள். கொன்றவனுக்குச் சிங்கப் பெயர் ஒன்று கிடைக்கும். அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று அவர்கள் சிங்கத்தைக் கொல்வதற்குப் பெரும்பாலும் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும்தான் காரணம்.

மாலை ஐந்தரை மணிக்கு ஒரு மசாய் வீட்டு வளாகத்தில் நின்றுகொண்டிருந்தேன். வட்டமாக முள்கிளைகளை அடுக்கிய வேலி. உள்ளே சாணமும் மண்ணும் பூசிய தாழ்வான வீடுகள், நடுவில் கால்நடைகளுக்கு இடம். மாடுகள் வரிசையாக வாசலில் நுழைய, ஒரு பெண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணுகிறாரா என்று கேட்டதற்கு வழிகாட்டி சொன்னார்: "எண்ண மாட்டார்கள். ஒவ்வொரு மாட்டின் நிறமும் மனசில் இருக்கும். எது வரவில்லை என்று பார்ப்பார்கள்." கடைசி மாடு நுழைந்ததும் ஒரு பையன் பெரிய முள்கிளை ஒன்றை அடியைப் பிடித்து இழுத்து வாசலை அடைத்தான். அந்தக் கிளைதான் கதவு. நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் பட்டி அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகவே இருக்காது.

இரவில் சிங்கம் வந்தால் வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெளியே சுற்றி வந்தாலே போதும். வாடை பட்டதும் மாடுகள் மிரண்டு, உள்ளிருந்தே வேலியை முட்டி உடைத்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடும். சிங்கம் வெளியே பிடித்துக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, மகன் கல்யாணம் எல்லாம் அந்த மாடுகள்தான். மறுநாள் காலையில் அந்த வீட்டாரிடம் போய்ச் சிங்கத்தின் அருமையைப் பேச எனக்கு வாய் வராது.

2023 மே மாதம் கென்யாவின் தெற்கே உள்ள அம்போசெலி பூங்கா அருகே நடந்தது இது. லூன்கிட்டோ என்ற ஆண் சிங்கம், 19 வயது. காட்டில் ஓர் ஆண் சிங்கம் அந்த வயதைத் தொடுவது மிக அபூர்வம். நெடுநாள் வறட்சி முடிந்திருந்த நேரம். பசியோடு ஒரு பட்டிக்குள் புகுந்தது, ஈட்டிக்கு இரையானது. அதே வாரத்தில் அந்தப் பகுதியில் மொத்தம் பத்துச் சிங்கங்கள் கொல்லப்பட்டன.

ஈட்டியைவிடக் கொடியது விஷம். நம் டெல்டா விவசாயிகளுக்கு ஃப்யூரடான் என்ற பூச்சிமருந்துக் குருணை நன்றாகத் தெரியும். அதே கார்போஃபியூரான்தான் கென்யாவில் செத்த மாட்டின் மேல் தூவப்பட்டது. திரும்பி வந்து தின்னும் சிங்கக் கூட்டம் மட்டுமல்லாமல், கழுதைப்புலி, நரி, கழுகு என எல்லாம் சுருண்டு விழும். 2009-ல் அதைக் கென்யச் சந்தையிலிருந்து தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். ஆனாலும் 2015 டிசம்பரில் மாராவின் மிகப் பிரபலமான 'மார்ஷ்' என்ற சிங்கக் கூட்டத்துக்கு விஷம் வைக்கப்பட்டது. இறந்தவற்றில் பீபி என்ற 17 வயதுப் பெண் சிங்கமும் ஒன்று.

இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. முள்வேலிக்குப் பதில் கம்பிவலையும் கம்பமும் வைத்துக் கட்டிய பட்டியில் இழப்பு நன்றாகவே குறைகிறது. நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற மசாய்ச் சிறுவன் 11 வயதில் ஒரு வழி கண்டுபிடித்தான். முதலில் தீ மூட்டிப் பார்த்தான், பயனில்லை. பொம்மை வைத்தான். முதல் இரவு சிங்கம் திரும்பிப் போயிற்று, அடுத்த இரவு பொம்மை அசையவில்லை என்று கண்டுகொண்டது. பிறகு டார்ச் விளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது சிங்கம் வரவில்லை. அசையும் வெளிச்சத்துக்குத்தான் அது பயப்படுகிறது என்று புரிந்தது. பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, சூரியத் தகடு, சில பல்புகள். மாறி மாறி மின்னும் விளக்குகளாகக் கோத்தான். பக்கத்துப் பட்டிகளுக்கும் அது பரவியது.

அம்போசெலி பகுதியில் 2007 முதல் இயங்கும் 'லயன் கார்டியன்ஸ்' அமைப்பு, மசாய் வீரர்களையே சம்பளத்துக்கு அமர்த்துகிறது. முன்பு சிங்கம் கொன்றவர்களும் அதில் உண்டு. காலடித்தடம் பார்த்துச் சிங்கத்தைப் பின்தொடர்ந்து, "இன்று இந்தப் பக்கம் மேய்க்காதீர்கள்" என்று மேய்ப்பர்களுக்குச் சொல்வது அவர்கள் வேலை. அந்தந்தச் சிங்கத்துக்கு மசாய்ப் பெயர் வைப்பதும் அவர்கள்தான். பெயர் வைத்ததைக் கொல்ல மனம் வருமா? அதே வட்டாரத்தில் 2003 முதல் இழப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. மாடு போனால் மதிப்பில் ஒரு பகுதி கிடைக்கும். வேலியைச் சரியாக அடைக்காதவருக்குத் தொகை குறையும். யாராவது சிங்கத்தைக் கொன்றால் அபராதம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பு இருக்கிறது.

நாம் கட்டும் பணம் அந்த மக்களுக்குப் போகிறதா?

எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மசாய் மாரா தேசியக் காப்பகம் நரோக் மாவட்ட அரசின் கையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் அங்கே போகிறது. காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் 'கன்சர்வன்ஸி' எனப்படும் நிலங்கள் உண்டு. அவை மசாய்க் குடும்பங்களின் சொந்த நிலம். குடும்பங்கள் தங்கள் துண்டுகளை ஒன்றுசேர்த்துக் கூடார விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். மாதாமாதம் பணம் வருகிறது. சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் அது வர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். 2006-ல் தொடங்கிய ஓலாரே ஓரோக் (இப்போது ஓலாரே மோட்டோரோகி), 500-க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் சேர்ந்து 2010-ல் உருவாக்கிய நபோய்ஷோ ஆகியவை இதற்கு நல்ல உதாரணங்கள். மேய்ச்சலும் முறைவைத்து நடக்கிறது. கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. ஐந்து இரவு போகத் திட்டமிட்டிருந்தால் மூன்று இரவாகக் குறைத்துக்கொண்டாவது, அதில் இரண்டையாவது கன்சர்வன்ஸியில் தங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். சிங்கத்தோடு ஊர் வாழ்கிறது. அந்த ஊருக்கு அதனால் மாதாமாதம் ஏதாவது வர வேண்டும். முன்பதிவு செய்யும்போதே "குத்தகைப் பணம் எத்தனை குடும்பங்களுக்குப் போகிறது?" என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் உடனே விவரம் தருவார்கள்.

எந்த மாதம் போகலாம்?

சிங்கத்துக்காக மட்டும் என்றால் எந்த மாதமும் சரி. அவை இடம்பெயர்வதில்லை. வில்டபீஸ்ட் எனப்படும் காட்டுமான்கள் லட்சக்கணக்கில் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அந்த மாதங்களில் கூட்டமும் செலவும் அதிகம். மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம், வண்டி சேற்றில் மாட்டும். எனக்கு ஜனவரி, பிப்ரவரி பிடித்திருந்தது.

செலவில் எதை எதிர்பார்க்க வேண்டும்?

காப்பக நுழைவே பெரிய தொகை. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். அதுவும் 12 மணி நேரத்துக்கு. கட்டணங்கள் மாறுபவை, பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மலிவான பேக்கேஜ் சொல்வார்கள். அதில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். என் முதல் பயணத்தில் அதைக் கேட்காமல் போய், வாசலில் நின்று கார்டு தேய்க்க வேண்டியதாயிற்று.

விசா, தடுப்பூசி?

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி. புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கண்ட இடத்தில் போட்ட ஊசிக்கு மஞ்சள் அட்டை கிடைக்காது. மலேரியா மாத்திரைக்கு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது சிங்கம் பாயாதா?

வண்டியும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்து ஒரே உருவமாகத்தான் அதற்குத் தெரிகிறது. அந்த உருவத்தைக் கலைக்காதவரை ஆபத்தில்லை. கையை வெளியே நீட்டுவது, கூரைமேல் ஏறுவது, இறங்குவது, கத்துவது இவையெல்லாம் கலைப்பது. கூடார விடுதிகளுக்கு வேலி இருக்காது. இருட்டியதும் சாப்பாட்டுக்குப் போவதென்றாலும் காவலாளியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வழிகாட்டியிடம் இன்னும் கிட்டே போகச் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு பெண் சிங்கம் வயிறு தரையில் படப் பதுங்கி, வரிக்குதிரைக் கூட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலை எடுத்து வைக்கும், நிற்கும். தோள்பட்டை எலும்பு மட்டும் புல்லுக்கு மேல் ஏறி இறங்கும். முக்கால் மணி நேரம் எங்கள் வண்டியில் யாரும் மூச்சு விடவில்லை. பின்னாலிருந்து வந்த ஒரு வண்டி, படம் எடுக்க வசதியாக, அதற்கும் வரிக்குதிரைக்கும் நடுவில் போய் நின்றது. வரிக்குதிரைகள் கனைத்துக்கொண்டு ஓடிவிட்டன. சிங்கம் எழுந்து அமைதியாகத் திரும்பி நடந்தது. அதன் விலா எலும்புகள் தெரிந்தன. அடிவயிற்றில் பால்காம்புகள் உறிஞ்சப்பட்டு ஈரமாக இருந்தன. எங்கோ புதரில் குட்டிகள் இருக்கின்றன என்று வழிகாட்டி சொன்னார்.

அந்த ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டிப்ஸ் கூடக் கிடைக்கும் என்பதால் செய்கிறார்கள். "தள்ளியே நில்லுங்கள், அவசரமில்லை" என்று முதல் நாளே சொல்லி, அதற்கே நல்ல டிப்ஸ் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி. கென்யாவில் வழிகாட்டிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரத்தேர்வு உண்டு. வெள்ளித் தகுதி உள்ளவரைக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கம் எப்போது பார்த்தாலும் தூங்குகிறதாமே?

நாளில் 20 மணி நேரம்வரை படுத்தே கிடக்கும். அதனால்தான் காலை ஆறு மணிக்கே கிளம்பச் சொல்கிறார்கள். தூங்குவதிலும் பார்க்க நிறைய இருக்கிறது. வயிறு உருண்டிருந்தால் நேற்றிரவு சாப்பாடு ஆகிவிட்டது. மீசை முளைக்கும் புள்ளிகளின் வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் இளசு, கறுப்புப் புள்ளி கூடக்கூட வயது கூடுதல். மாலையில் ஒன்று கொட்டாவி விட்டு, அடுத்தடுத்து மற்றவையும் கொட்டாவி விட்டால் கேமராவை எடுங்கள். கிளம்பப் போகின்றன.

குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்கிறார்களே?

போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தென்னாப்பிரிக்காவில் அடைத்து வளர்க்கப்படும் சிங்கங்கள் ஆயிரக்கணக்கில், அந்நாட்டுக் காட்டில் இருப்பவற்றைவிட அதிகம். பிறந்த சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைப்படும். குட்டி, பயணிகள் மடியில் புட்டிப்பால் குடிக்கும். வளர்ந்ததும் நடைப் பயணத்துக்கு. அதன் பிறகு வேலிக்குள் வேட்டைக்கோ, எலும்பு வியாபாரத்துக்கோ. 2018-க்கு மட்டும் 1,500 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அரசே அனுமதி அறிவித்தது. அப்படி ஒதுக்கியது செல்லாது என்று 2019-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதர் கையில் வளர்ந்த குட்டியைக் காட்டில் விட முடியாது. "பாதுகாப்புக்காக வளர்க்கிறோம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள்?

குஜராத்தின் கிர். ஆசியச் சிங்கம் காட்டில் வாழும் ஒரே இடம் அந்த வட்டாரம்தான். 2025 கணக்கெடுப்பில் 891. ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடப் பிடரி மயிர் குறைவு, காதுகள் வெளியே தெரியும், வயிற்றின் கீழே தோல்மடிப்பு ஒன்று தொங்கும். அங்கும் மால்தாரி மேய்ப்பர்கள் எருமைகளோடு சிங்கத்தின் அருகிலேயே வாழ்கிறார்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஸ்வெட்டர். சிரிக்காதீர்கள், மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். விடியற்காலையில் பல் கிட்டும். கறுப்பு, கருநீல உடை வேண்டாம். செட்சீ ஈ உள்ள பகுதிகளில் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். பிளாஸ்டிக் பை கென்யாவில் 2017 முதல் தடை, துணிமணியை அதில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். சிறு விமானத்தில் மாராவுக்குப் பறப்பதாக இருந்தால் 15 கிலோதான், அதுவும் மடங்கும் பையில். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பருப்பும் சப்பாத்தியும் கட்டாயம் கிடைக்கும். சப்பாத்தி அங்கே சுவாஹிலிச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் முக்காலி சுமக்க வேண்டாம், வண்டிக்குள் விரிக்க இடமிருக்காது. ஜிப் வைத்த ஒரு துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோங்கள். நைரோபியில் ஏதாவது கடையில் இரண்டு கிலோ பயறு வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அசையாது. ஊர் திரும்பும் நாளில் அந்தப் பயறை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம்.